திரும்பி வரும் கம்பி

மெயின் சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்ற ஃபெபியைத்தான் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம்.

குத்தாலம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடி வீட்டில் இப்போது மூன்று குடித்தனம். முன்கட்டில் மாமனார் குழந்தைராஜ். பின்கட்டில் அவருடைய மூத்த மகள் அருள்செல்வி. கணவர் தவறிய பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து, வாசல் பக்க அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று வைத்து, தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்கிறவள். மாடியில் மருமகள் ஃபெபி. அவள் கணவன் ரெமிஜியஸ் குவைத்தில்.

ரெமிஜியஸின் கல்யாணத்துக்கு முன்னால், ஒரே வீடாக இருந்ததை அவசர அவசரமாகச் சுவர் வைத்து, ஆளுக்கொரு சமையலறை கட்டி மூன்றாகத் தடுத்தார்கள். தடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. கரண்ட்.

மூன்று வீட்டுக்கும் ஒரே மீட்டர். மாமனார் மோட்டார் போடும் நேரத்தில் மாடியில் கிரைண்டர் ஓடினால் போதும், பின்கட்டு உட்பட மொத்த வீடும் அணைந்துவிடும். அப்படித்தான் போன மாதம் அருள்செல்வி ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய ஃபிரிட்ஜ் நின்றுபோய், பரிசோதனைக்கு வைத்திருந்த மருந்துகள் எல்லாம் கெட்டன. வெயிலில் நடந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை, "இன்னிக்குப் பாக்க முடியாதும்மா" என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அன்று மாலையே அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குத் தனி மீட்டர் வேணும்ப்பா."

"இன்னிக்கு மீட்டர் கேக்குற. நாளைக்குப் பாகம் கேப்பியா?"

அருள்செல்விக்கு முகம் செத்துப்போயிற்று. அப்போது வாய் திறந்தவள் ஃபெபி.

"ஒயரிங்கை நான் பிரிச்சுத் தரேன் மாமா."

பொறையாற்றிலிருந்து வாழ வந்த இந்தப் பெண் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள், சூப்பர்வைசர் தேர்வும் எழுதித் தேறியவள் என்பது குழந்தைராஜுக்குத் தெரியும். ஆனால் அது கல்யாணப் பேச்சின்போது கேட்டு மறந்துபோன செய்தி. கேட்டதும் ரெமிஜியஸ் குவைத்திலிருந்து கத்தினான்: "உனக்கு எதுக்கு இந்த வேலை? ஆள் வச்சுப் பாக்கச் சொல்லு." மாமனார்தான் கடைசியில் இறங்கி வந்தார். அதிலும் நிபந்தனை. பின்கட்டுக்கு மட்டும்தான் தனி மீட்டர். மாடியும் முன்கட்டும் ஒன்றாகவே இருக்கும். பொழுது சாயும்போது வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது.

ஃபெபி சுவிட்சை இறக்கினாள். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள் எல்லாம் ஒரே பெருமூச்சாக விட்டு நின்றன.

"ஆரம்பிப்போமா?" என்றான் சலாஹுதீன்.

நாகூர்க்காரன். பாலிடெக்னிக்கில் அவளோடு ஒரே வகுப்பு. இப்போது சொந்தமாகக் கான்ட்ராக்ட் லைசென்ஸ் எடுத்து வேலை செய்கிறவன். அவள் போனில் கேட்டதும், "உன் கை இன்னும் மறக்கலன்னா நான் வரேன்" என்று சொல்லி, ஒயர் சுருளும் சோதனை மீட்டரும் ஏணியுமாக விடியற்காலையிலேயே வந்துவிட்டான்.

அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கை மறந்திருக்குமோ? முதல் இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஒயரின் தோலைச் சீவி, கம்பியைக் கட்டைவிரலால் முறுக்கியபோது அந்தச் சந்தேகம் போயிற்று. கல்யாணப் புடவைகளுக்கு அடியில் இத்தனை வருஷம் கிடந்த சான்றிதழ் எப்படியோ போகட்டும், விரல்கள் எதையும் மறக்கவில்லை.

அருள்செல்வி மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, புதிதாக வரவழைத்த மருந்துகளைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி மூடினாள்.

"இந்த ஐஸ் மதியம் வரைக்கும்தான் தாங்கும் ஃபெபி. இன்னொரு தடவை மருந்து கெட்டுச்சுன்னா, கம்பெனிக்காரன் மூஞ்சில நான் முழிக்க முடியாது."

"கெடாது அண்ணி. ஈ.பி. இன்ஜினியர் வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்."

முடித்தும் விட்டிருப்பார்கள். கரண்டைக் கொண்டுபோகிற கம்பிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. முன்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று பிரித்து, தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. மாடியையும் ஏன் பிரிக்கிறாய் என்று சலாஹுதீன் கேட்டதற்கு, "செய்யறதை முழுசா செய்வோம். மீட்டர் குடுக்குறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்" என்றாள்.

தகராறு செய்தது திரும்பி வரும் கம்பி.

கரண்ட் ஒரு கம்பியில் போய், விளக்கையோ விசிறியையோ ஓட்டிவிட்டு, இன்னொரு கம்பியில் திரும்பி வர வேண்டும். இந்த வீட்டைத் தடுத்தவர்கள் போகிற வழியை மட்டும் பார்த்திருந்தார்கள். மாடியின் திரும்பும் கம்பியைச் சோதித்தால் அது பின்கட்டோடு பேசியது. பின்கட்டைச் சோதித்தால் முன்கட்டோடு பேசியது. மூன்று வீடும் எங்கேயோ ஒரு மூலையில், ஒரே மெல்லிய கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"இதோட விட்டா இன்ஜினியர் வாசல்லயே திரும்பிடுவாரு" என்றான் சலாஹுதீன். "எங்க சேத்து வச்சிருக்கானுங்கன்னு தெரியணுமே."

இருவரும் சுவர் சுவராகத் தேடினார்கள். அருள்செல்வியும் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். தேடல் கடைசியில் வந்து நின்ற இடம் குழந்தைராஜின் படுக்கையறை. அவர் கட்டிலின் தலைமாட்டில், உட்சுவரில், வேளாங்கண்ணி மாதா சிலை வைத்த ஸ்தலம். தேக்குப் பலகை, இரண்டு பக்கமும் பளிங்குத் துண்டுகள். மறைந்த மாமியார் செசிலி ஆசாரியைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லி வாங்கியது.

ஃபெபி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கரண்டை நிறுத்தி வெகுநேரம் ஆகியும் அதில் இன்னும் லேசான கதகதப்பு.

"அப்பா சொல்லிட்டேதான் இருந்தாரு" என்றாள் அருள்செல்வி மெதுவாக. "இந்தக் கோடையில தலைமாட்டுச் சுவரு அனலா அடிக்குதுன்னு. வெயில்னு நெனச்சேன்."

"இது நடுச்சுவரு அண்ணி. இதுல வெயில் எங்க படுது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒடச்சிடு ஃபெபி" என்றாள் அருள்செல்வி. "அப்பா வயல்லேருந்து வர்றதுக்குள்ள வேலைய முடிச்சுப் பூசிடலாம். ஐஸ் கரைஞ்சிட்டே இருக்கு."

ஃபெபி உளியைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம் அண்ணி."

"ஏன்?"

"நான் லுத்தரன் வீட்டுப் பொண்ணு. எங்க வீட்ல சுரூபம் கிடையாது. மாமாகிட்ட கேக்காம அத்தை வச்ச மாதாவை நான் பேத்தேன்னா, அப்புறம் இந்த வீட்ல எத்தனை விளக்கு எரிஞ்சாலும் அது எனக்கு வெளிச்சம் இல்ல."

சலாஹுதீன் தலையைச் சொறிந்தான். "என்னைப் பாக்காதீங்க. நாகூர்க்காரன் வந்து இடிச்சிட்டுப் போனான்னா அது இன்னும் நல்லாயிருக்கும்."

அந்த நிலைமையிலும் அருள்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபெபி போன் போட்டுப் பார்த்தாள். மாமனார் எடுக்கவில்லை. அறுவடை மெஷின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஆற்றங்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் கோடை நெல் அறுவடை மும்முரம். ரோட்டின் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள். ஃபெபி வளைந்து நெளிந்து போய்ச் சேர்ந்தபோது, குழந்தைராஜ் வரப்பில் நின்று மெஷின்காரனுக்குக் கையை ஆட்டி ஆட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் வைக்கோல் தூசி. மருமகள் இடுப்பில் டெஸ்டர் சொருகிய கோலத்தில், வயலில் இறங்கி வருவதைப் பார்த்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா? வீட்ல யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மாமா. ஆகாம இருக்கத்தான் வந்தேன்." மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "உங்க தலைமாட்டுச் சுவரை ஒடைக்கணும்."

"எந்தச் சுவரு?"

"மாதா ஸ்தலம் இருக்குல்ல, அது."

அவர் முகம் இறுகியது. "அது உங்க அத்தை வச்சது. இந்த மீட்டர் பேச்சை எடுத்த அன்னிக்கே நெனச்சேன், கடைசில அங்கதான் வந்து நிப்பீங்கன்னு."

"மாமா, அந்தச் சுவரு வெயில்ல சுடல. உள்ள ஒயர் சுடுது. மூணு வீட்டுக் கரண்டும் உங்க தலைக்கு மேல ஒரே கம்பில திரும்பி வருது. நான் கையை வச்சுப் பாத்தேன். நீங்களே வந்து வச்சுப் பாருங்க. அப்புறமும் வேணாம்னா, பழையபடி மாட்டிட்டு நான் பேசாம மாடிக்குப் போயிடுறேன்."

மெஷின் அடுத்த சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் அது சீர்காழிப் பக்கம் போய்விடும், திரும்ப எப்போது வருமென்று சொல்ல முடியாது. குழந்தைராஜ் விளைந்து நிற்கும் பயிரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவருக்கு அதில் ஏதோ உறைத்திருக்க வேண்டும். கேட்காமலே இடித்திருக்கலாம், அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இவள் கேட்கவென்று வெயிலில் வந்து நிற்கிறாள்.

பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பாத்துக்கய்யா, வந்துடுறேன்" என்றார். ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அறைக்குப் போய்ச் சுவரில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு மாதா சுரூபத்தை இரண்டு கைகளாலும் எடுத்து அருள்செல்வியிடம் கொடுத்தார். பலகையை அவரே கழற்றினார்.

பலகையின் முன்பக்கம் எண்ணெய் தடவித் தடவிப் பளபளவென்று இருந்தது. திருப்பினால், பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கரியாக இருந்தது. விரலை வைத்ததும் பொருபொருவென்று உதிர்ந்தது.

"அப்பா..." என்றாள் அருள்செல்வி.

"உளியைக் குடும்மா" என்றார் குழந்தைராஜ்.

"நான் ஒடைக்கிறேன் மாமா, தள்ளிக்குங்க."

"செசிலி வச்சதை நான்தான் எடுக்கணும். நீ எங்க அடிக்கணும்னு காட்டு."

அவள் காட்டினாள். அவர் அடித்தார். நாலு அடியில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே, மூன்று வீட்டின் கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மேலே டேப் சுற்றி, சிமெண்ட் வைத்து மூடியிருந்தார்கள். டேப் உருகி, கம்பிகள் ஒட்டிப்போய், கருகிய உருண்டையாக இருந்தது. அறைக்குள் பொசுங்கல் வாடை பரவியது.

குழந்தைராஜ் கட்டிலில் உட்கார்ந்தார். தலையணையைப் பார்த்தார். அதற்கு நேர் மேலே அந்த ஓட்டை.

"தினம் இதுக்குக் கீழதானே படுத்துத் தூங்குறேன்" என்றார். "ஒரே மீட்டர் இருந்தா ஒரே குடும்பமா இருப்போம்னு நெனச்சேனே."

ஃபெபி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "மீட்டர் மூணு ஆனாலும் சாப்பாடு நீங்க மாடிக்குத்தானே வரப்போறீங்க மாமா. ஞாயித்துக்கிழமை மீன் கொழம்பு அண்ணி வீட்லதானே."

அவர் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பேசிட்டிருக்காத. அண்ணியோட ஐஸ் கரையுது. என்ன செய்யணும் சொல்லு."

அதற்குப் பிறகு வேலை பறந்தது. சலாஹுதீன் குழாய்க்குள் புது ஒயரை இழுத்தான். ஃபெபி மாடியிலிருந்து தள்ளினாள். குழந்தைராஜ் ஏணியைப் பிடித்தார். "வருதா?" என்று மேலிருந்து அவள் கேட்பாள். "வருது, வருது, மெதுவா" என்று கீழிருந்து அவர் குரல் கொடுப்பார். அருள்செல்வி டீ போட்டு எடுத்துவந்து, யாரும் குடிக்காமல் ஆறிப்போய், மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். திரும்பி வரும் கம்பிகள் மூன்றும் மூன்று வழியில், தடிமனாக, தனித்தனியாக வந்து பெட்டிகளில் இறங்கின. ஃபெபி ஒவ்வொன்றாகச் சோதனை மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஒன்றோடு ஒன்று இப்போது பேசவே இல்லை.

உதவிப் பொறியாளர் தியாகராசன் லைன்மேனோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத மனிதர். பழைய மீட்டர் இணைப்பில் கரண்ட் கொடுக்கச் சொல்லி, மூன்று பெட்டியையும் தற்காலிகமாக அதில் இணைத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போடச் சொன்னார். பிறகு பின்கட்டுப் பெட்டியை மட்டும் அணைத்தார்.

பின்கட்டு மட்டும் அணைந்தது.

மாடியை அணைத்தார். மாடி மட்டும் அணைந்தது. முன்கட்டையும் அப்படியே பார்த்தார். கடைசியில் மூடாமல் விட்டிருந்த சுவர் ஓட்டையையும், தரையில் கிடந்த கருகிய உருண்டையையும், கரியான பலகையையும் நின்று பார்த்தார். சலாஹுதீன் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேலை தம்பி. இந்த மாதிரித் தடுத்த வீடுங்கள்ல, திரும்புற கம்பியைப் பிரிக்காமலே எங்களைக் கூப்பிட்டுடுவாங்க. இதைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

சலாஹுதீன் வாயைத் திறப்பதற்குள் குழந்தைராஜ் முன்னால் வந்துவிட்டார். தலையில் இன்னும் வைக்கோல் தூசி. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. ஆனால் குரல், மகன் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று எல்லாரையும் வரவேற்ற அதே குரல்.

"தம்பி ஒயர் இழுத்தாரு சார். கண்டுபிடிச்சது என் மருமக. இந்தா நிக்குது பாருங்க. பொறையாத்துப் பொண்ணு. சூப்பர்வைசர் பரீட்சை பாஸ் பண்ணது. இன்னிக்கு மட்டும் அது இல்லன்னா, ஒருநாள் நீங்க என் வீட்டுக்கு மீட்டர் மாட்ட வந்திருக்க மாட்டீங்க, சாவுக்கு வந்திருப்பீங்க."

"அப்பா, என்ன பேச்சு இது" என்றாள் அருள்செல்வி.

"உள்ளதைச் சொல்றேன்."

தியாகராசன் ஃபெபியைப் பார்த்துத் தலையசைத்தார். "சபாஷ்மா." பிறகு குழந்தைராஜிடம், "பின்கட்டுக்கு மட்டும்தான் விண்ணப்பம் வந்திருக்கு. இப்ப மாடியும் சுத்தமாப் பிரிஞ்சிருக்கே. அதுக்கும் போட்டுட்டீங்கன்னா ஒரே மூச்சில வேலை முடிஞ்சுடும்."

ஃபெபி குனிந்து, கீழே கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மாடி தனியாக வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை.

"போட்டுடலாம் சார்" என்றார் குழந்தைராஜ்.

"யார் பேர்ல? பையன் பேர்லயா?"

அவர் ஒரு கணம்தான் யோசித்தார். "ஃபெபி பேர்ல. சம்மதம் நான் எழுதித் தரேன்."

ஃபெபி பொறுக்குவதை நிறுத்தினாள். பிறந்த வீட்டில் அவள் பெயரில் ஒன்றும் இருந்ததில்லை. வந்த வீட்டிலும் இல்லை. இது வெறும் மின்இணைப்புதான், சொத்து இல்லை, அவளுக்கும் தெரியும். ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

லைன்மேன் பின்கட்டுக்குப் புது மீட்டரை மாட்டி முத்திரை வைத்தார். அருள்செல்வி தன் வீட்டு மெயினைத் தானே போட்டாள். ஃபிரிட்ஜ் உறுமி ஓடத் தொடங்கியது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. ஒவ்வொரு மருந்தாக எடுத்து அடுக்கிவிட்டு வந்தவள், ஃபெபியைக் கட்டிக்கொண்டாள். சுண்ணாம்பு இருவர் மேலும் ஒட்டியது.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே குழந்தைராஜ் வீட்டின் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, அறுவடையைப் பார்க்க வயலுக்குக் கிளம்பினார். போகிற வழியில் எதிர்வீட்டுக்காரரை நிறுத்தி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை மாடியைக் காட்டியது ஃபெபிக்குத் தெரிந்தது.

ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டே சலாஹுதீன் சொன்னான்: "மயிலாடுதுறையில ஒரு பெரிய பங்களா. பதினோரு குடித்தனமாத் தடுத்திருக்காங்க. எல்லாத்துக்கும் ஒரே சர்வீஸ். தனியா எடுக்கப் பயந்துட்டு இருந்தேன். பார்ட்னரா வர்றியா? நாளைக்குப் போய்ப் பாக்கணும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் ஃபெபி. சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ரெமிஜியஸ். அவள் மாடிப்படியில் ஏறி ஓரமாக நின்றாள்.

"அக்கா சொன்னா. மாடி மீட்டர் உன் பேர்லயாம்?"

"ஆமாங்க. மாமாதான் சொன்னாங்க."

திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள். திட்டு வரவில்லை.

"நல்லதுதான்" என்றான் ரெமிஜியஸ். அவன் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "ஃபெபி, நான் ஞாயித்துக்கிழமை திருச்சியில இறங்குறேன். டிக்கெட் போட்டாச்சு."

"நிஜமாவா? எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்ல. திரும்பிப் போற டிக்கெட் போடல." அவன் குரலைத் தாழ்த்தினான். "நேர்ல சொல்றேன். அப்பாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேணாம்."

தொடர்பு அறுந்தது. ஃபெபி அங்கேயே நின்றாள். கீழே சலாஹுதீன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"சலாஹுதீன்! நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குப் போறோம்?"